மஞ்சள், சிவப்பு, வெள்ளை: ஒரு சுங்கச்சாவடியின் கதை

போன வாரம் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய வீடியோ கேமரா ஒன்று கையில் சிக்கியது. சின்ன கேசட் போட்டு எடுக்கிற காலத்து ஆசாமி. உள்ளே ஒரு கேசட்டும் இருந்தது. அதில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் ராத்திரி தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டதால், வயர் மூட்டையை அவிழ்த்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட அந்த ஏ.வி. வயரைத் தேடி எடுத்து டிவியின் முதுகில் செருகினேன். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். கேசட் போச்சு என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு, அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் முனையைப் பச்சை வளையம் போட்ட துளையில் செருகி வைத்திருக்கிறேன். மாற்றிச் செருகியதும் வண்ணம் வந்துவிட்டது.

இந்த அசட்டுத்தனத்தை எதற்குச் சொல்கிறேன் என்றால், தப்பான துளையில் செருகியும் படம் வந்தது பாருங்கள், அதற்குப் பின்னால் ஒரு கம்பெனியின் பிடிவாதம் இருக்கிறது. அந்த முனைக்குப் பெயரே அந்தக் கம்பெனியின் பெயர்தான், ஆர்.சி.ஏ. ஜாக். ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா. ரேடியோப் பெட்டிக்குள் கிராமபோனை இணைக்க 1930களில் மலிவாக அவர்கள் செய்துகொண்ட செருகி. ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது செருகினால் ஸ்பீக்கரில் ஒரு உறுமல் வருமே, அதுவும் அவர்கள் உபயம்தான். நடு ஊசி முதலில் தொட்டு, எர்த் வளையம் அதற்குப் பிறகு தொடும்படி அமைத்துவிட்டார்கள். ஒரு தடவை செருகிப் பெட்டியை மூடிவிடப் போகிற சாமானுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள். உலகமே 80 வருஷம் அதைச் செருகிச் செருகிப் பிடுங்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்.

எனக்கு இந்தப் பெயர் முதலில் பழக்கமானது வேறு வழியில். சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் ஆம்ப்ளிஃபையர் கட்டுகிற ஒவ்வொருவனும் 2என்3055 என்ற டிரான்சிஸ்டரைத்தான் வாங்குவான், இரும்புத் தொப்பி மாதிரி கனமாக இருக்கும், தப்பாகப் பயாஸ் கொடுத்தால் தொட்ட விரலைச் சுட்டுவிடும், ஆனால் அவ்வளவு லேசில் சாகாது. 1960களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த சரக்கு அது. எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக ஓட விடுவதற்கு 555 ஐ.சி.யோடு சேர்த்துப் போடும் சி.டி.4017 இருக்கிறதே, அந்த 4000 வரிசையும் 1968 வாக்கில் அவர்கள் தொடங்கியதுதான். இவ்வளவு செய்த கம்பெனி இப்போது எங்கே என்று தேடத் தொடங்கிப் பல ராத்திரிகள் போன கதை இது.

முதலாம் உலகப் போர் சமயத்தில் கடல் தாண்டிக் கம்பியில்லாமல் செய்தி அனுப்ப நம்பகமான கருவி என்று ஒன்று இருந்தது என்றால் அது எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செய்த ஆல்டர்னேட்டர். அதில் வால்வு, அதாவது பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய், எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட பவர் ஹவுசில் இருக்கும் ஜெனரேட்டர் மாதிரியே ஒரு பெரிய எஃகுச் சக்கரம், அசுர வேகத்தில் சுற்றி நேரடியாக ரேடியோ அலைவரிசையிலேயே மின்சாரம் உண்டாக்கும். நியூ ஜெர்சியில் நியூ பிரன்ஸ்விக் என்ற இடத்தில் 200 கிலோவாட் இயந்திரம் ஒன்றை நிறுத்தி, ஜனாதிபதி வில்சனின் 14 அம்ச சமாதானத் திட்டத்தை அதன் வழியாகத்தான் 1918இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் பிரிட்டனின் மார்க்கோனி கம்பெனி இந்த இயந்திரங்களைத் தனக்கு மட்டும் தரும்படி கேட்டு வந்தது. கடலடித் தந்தியில் ஏற்கெனவே பிரிட்டனின் கை ஓங்கியிருந்தது, கம்பியில்லாத் தந்தியும் அவர்கள் கைக்குப் போவதா என்று அமெரிக்கக் கடற்படைக்கு வயிற்றெரிச்சல். அதிகாரிகள் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஓவன் யங்கைப் பார்த்துப் பேசினார்கள். 1919 அக்டோபரில் புதுக் கம்பெனி பதிவாகி, அமெரிக்க மார்க்கோனியின் சொத்துகளையும் ஆட்களையும் அப்படியே விழுங்கியது. வெளிநாட்டார் 20 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

சரி, இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அன்றைக்கு அமெரிக்காவில் ஒழுங்கான ரேடியோ ஒன்றைச் சட்டப்படி செய்து விற்க யாராலும் முடியாது. ஃபிளெமிங்கின் இரட்டை மின்முனை வால்வு மார்க்கோனியின் சொத்து. லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் ஒரு கம்பிவலை, அதாவது கிரிட், சேர்த்துச் செய்த டிரையோடு ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பெனி வாங்கிய சொத்து. 1916இல் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி டி ஃபாரஸ்ட் பக்கம் ஃபிளெமிங் வால்வைத் தொட முடியாது, மார்க்கோனி பக்கம் கிரிட்டைத் தொட முடியாது. வீட்டுக்காரனிடம் கதவு, பக்கத்து வீட்டுக்காரனிடம் சாவி. போர்க்காலத்தில் அரசாங்கம் காப்புரிமையைப் பார்க்காதே, செய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால் எல்லாரும் செய்தார்கள். போர் முடிந்ததும் மறுபடி முட்டுச்சந்து.

ஆர்.சி.ஏ. இந்த எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே கூடையில் கொட்டியது. 1920இல் ஏ.டி. அண்ட் டி. வந்தது, 1921இல் வெஸ்டிங்ஹவுஸ் வந்தது, அப்புறம் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி. ஆமாம், வாழைப்பழக் கம்பெனி! மத்திய அமெரிக்காவிலிருந்து பழம் ஏற்றி வரும் கப்பல்களோடு பேச வேண்டியிருந்ததால் அவர்களிடமும் நல்ல ரேடியோக் காப்புரிமைகள் இருந்தன. ஏறக்குறைய 2000 காப்புரிமைகள் ஒரு கூரையின் கீழ். ஆனால் பாருங்கள், ஆர்.சி.ஏ.வுக்குச் சொந்தமாக ரேடியோத் தொழிற்சாலை கிடையாது. செட்டுகளில் 60 சதவீதம் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்யும், 40 சதவீதம் வெஸ்டிங்ஹவுஸ் செய்யும், இவர்கள் ரேடியோலா என்று பெயர் ஒட்டி விற்பார்கள். ஆற்றுக்குக் குறுக்கே பாலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கடக்கிற வண்டிகளிடம் காசு வாங்கும் சுங்கச்சாவடி என்று சொன்னால் சரியாக இருக்கும். என் வாதம் இந்த ஒன்றுதான்: ஆர்.சி.ஏ. கடைசி வரைக்கும் உள்ளுக்குள் சுங்கச்சாவடியாகவே இருந்தது, நடுவில் அது எவ்வளவு பெரிய ஆலைகளையும் ஆராய்ச்சிக்கூடங்களையும் கட்டியிருந்தாலும்.

அந்தச் சாவடிக்கு நிரந்தரக் காவல்காரராக வந்து சேர்ந்தவர் டேவிட் சார்னாஃப். 1891இல் மின்ஸ்க் பக்கத்தில் ஒரு சின்ன யூதக் கிராமத்தில் பிறந்து, ஒன்பது வயதில் நியூயார்க் வந்து, தெருவில் பேப்பர் விற்று, 1906இல் மார்க்கோனியில் வாரம் ஐந்தரை டாலர் சம்பளத்துக்கு ஆபீஸ் பையனாகச் சேர்ந்தவர். டைட்டானிக் மூழ்கியபோது நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் மாடியில் இருந்த தந்தி நிலையத்தில் தனியொருவனாக 72 மணி நேரம் உட்கார்ந்து உயிர் பிழைத்தவர்களின் பெயர்களை எழுதினேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். கப்பல் மூழ்கியது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கடை மூடியிருந்த நேரம். அப்புறம் அவர் உட்கார்ந்து வேலை செய்தது உண்மைதான், ஆனால் தனியாள் என்பதெல்லாம் மனுஷன் ஊதிப் பெரிதாக்கியது. தன் கதையைத் தானே திருத்தி எழுதுவதில் அவர் கெட்டிக்காரர்.

ஆனால் தீர்க்கதரிசனத்தில் குறை சொல்ல முடியாது. ரேடியோ என்றால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ரகசியமாகப் பேசுவது, அதை மற்றவர்கள் ஒட்டுக்கேட்க முடிவது ஒரு குறை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குறையே வியாபாரம் என்று இவருக்குத் தோன்றியது. வீட்டில் பியானோ மாதிரி ஒரு ரேடியோப் பெட்டி, 75 டாலர், பத்து லட்சம் வீடுகள் வாங்கினால் 7.5 கோடி டாலர் என்று மேலிடத்துக்குக் கணக்குப் போட்டு எழுதினார். மூன்று வருஷத்தில் நடக்கும் என்றார். 1922, 1923, 1924 மூன்று வருஷத்திலும் சேர்த்து ரேடியோ விற்பனை 8.35 கோடி டாலர். 1926இல் என்.பி.சி. ஒலிபரப்பு வலையமைப்பு வந்தது, 1929இல் விக்டர் கிராமபோன் கம்பெனியை வாங்கியதால் கேம்டன் ஊரின் பெரிய தொழிற்சாலையும், குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் நிப்பர் நாயும் வந்தன. நாம் எச்.எம்.வி. இசைத்தட்டில் பார்த்துப் பழகிய அதே நாய்தான், அமெரிக்காவில் அதற்கு எஜமானர் வேறு. பங்குச் சந்தைக் காய்ச்சலில் 1928 ஒரே வருஷத்தில் ஆர்.சி.ஏ. பங்கு 85 டாலரிலிருந்து 420க்குப் போனது, அதுவரை ஒரு பைசா டிவிடெண்ட் கொடுக்காமலே. அடுத்த வருஷம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

1927இலிருந்து மற்ற ரேடியோக் கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். விற்கிற செட்டின் விலையில் ஏழரை சதவீதம், குறைந்தபட்சம் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர். முதலில் அந்தக் கணக்கு சர்க்யூட்டுக்கு மட்டும் இல்லை, மரப்பெட்டிக்கும் சேர்த்து. தச்சர் இழைத்த தேக்குக்கு எலெக்ட்ரானிக்ஸ் ராயல்டி! 1930இல் அரசாங்கம் ஏகபோகம் என்று வழக்குப் போட்டது. 1932இல் சமரசமாக ஜெனரல் எலெக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுசும் ஆர்.சி.ஏ.விலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. தண்டனை என்று நினைத்துக் கொடுத்த தீர்ப்பு, அதற்குள் தலைவராகியிருந்த சார்னாஃபுக்கு வரமாகப் போய்விட்டது. பெற்றோர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக, பையன் கையில் வீடு, ஆலை, ஒலிபரப்பு, காப்புரிமை எல்லாம்.

ஆம்ஸ்ட்ராங் கதையை நான் எத்தனை தடவை படித்தாலும் மனசு ஆறுவதில்லை. எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங், மாணவனாக இருக்கும்போதே, சிக்னலைத் திரும்பத் திரும்ப உள்ளே ஊட்டிப் பெருக்கும் ரீஜெனரேட்டிவ் சர்க்யூட்டைக் கண்டுபிடித்தவர், போர்க்காலத்தில் பிரான்சில் ராணுவ அதிகாரியாக இருந்துகொண்டே, எந்த நிலையத்தின் அலையையும் ஒரே அலைவரிசைக்கு மாற்றிப் பெருக்கும் சூப்பர்ஹெட்டிரோடைனை உருவாக்கியவர். இன்றைக்கும் ரேடியோ என்று பெயர் சொல்லும் எதைத் திறந்தாலும் அந்த அடிப்படை உள்ளே இருக்கும். 1922இல் இன்னொரு சர்க்யூட்டை ஆர்.சி.ஏ.வுக்கு விற்றதில் 2 லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கிடைத்து, கம்பெனியின் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் ஆனார். சார்னாஃபுக்கு நெருங்கிய நண்பர். எவ்வளவு நெருக்கம் என்றால் சார்னாஃபின் செக்ரட்டரி மரியனைத்தான் கல்யாணம் செய்துகொண்டார், கல்யாணப் பரிசாகத் தன் கையால் செய்த போர்ட்டபிள் ரேடியோ கொடுத்தார். ஆர்.சி.ஏ.வின் ஆன்டெனா கோபுர உச்சியில் ஏறி நின்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்ட ஆள். சார்னாஃபுக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

இடி மின்னல் இரைச்சலை ஒழிக்க ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வேண்டும் என்று சார்னாஃப் ஆசைப்பட்டார். ஆம்ஸ்ட்ராங் பல வருஷம் முட்டி மோதி 1933இல் கொண்டுவந்ததோ ஒரு புது ரேடியோ முறையையே. எஃப்.எம். அலையின் உயரத்தை மாற்றாமல் அலைவரிசையை மாற்றிச் செய்தி அனுப்புவது, அதுவும் எல்லாரும் குறுக்க முயன்ற பட்டையை அகலமாக்கி. இரைச்சல் பெரும்பாலும் அலையின் உயரத்தில்தான் கை வைக்கும், ரிசீவர் அந்த உயரத்தையே கணக்கில் எடுக்காமல் வெட்டிவிட்டால் இரைச்சல் எங்கே ஒட்டும்? எம்பயர் ஸ்டேட் கட்டட உச்சியில் ஆர்.சி.ஏ. இடத்தில் சோதனை செய்தார், பிரமாதமாக வேலை செய்தது. 1935இல் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், டெலிவிஷன் சோதனைக்கு வேண்டும் என்று. இரைச்சலைக் குறைக்கும் கருவிக்குப் பணம் கொடுத்திருப்பார்கள், ஆனால் அலையின் உயரத்தை மாற்றி அனுப்பும் பழைய முறையான ஏ.எம்.மில் ஏ.எம். நிலையங்கள், ஏ.எம். செட்டுகள், ஏ.எம். காப்புரிமைகள் என்று கட்டி வைத்த பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் கட்ட எந்தச் சுங்கச்சாவடிக்காரன் உதவுவான்?

ஆம்ஸ்ட்ராங் தன் சொந்தக் காசில் நியூ ஜெர்சியில் ஆல்பைன் என்ற இடத்தில் கோபுரம் கட்டி ஒலிபரப்பினார். மற்ற கம்பெனிகள் ராயல்டி கொடுக்க முன்வந்தன. 1940இல் ஆர்.சி.ஏ. மொத்தமாக 10 லட்சம் டாலர் தருகிறோம் என்றது, எல்லாரும் கொடுப்பது போல நீங்களும் ராயல்டி கொடுங்கள் என்று மறுத்துவிட்டார். 1945இல் அரசாங்க ஆணையம் எஃப்.எம்.மை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து இப்போது நாம் கேட்கும் 88-108க்குத் தூக்கிப் போட்டது, ஜனங்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான செட்டுகள் ஒரே உத்தரவில் வெறும் பெட்டிகளாயின. டிவியின் ஒலிக்கு எஃப்.எம். பயன்பட்டது, ஆனால் ஆர்.சி.ஏ. தங்கள் முறை வேறு என்று சொல்லிப் பணம் தரவில்லை. 1948இல் வழக்கு. வக்கீல்கள் இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே போனார்கள். காப்புரிமைக் காலம் முடிந்தது, கையில் இருந்த பணம் தீர்ந்தது, மனைவியோடு சண்டை. 1954 ஜனவரி கடைசி நாள் ராத்திரி கோட்டும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு 13ஆவது மாடி ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார். அந்த வருஷக் கடைசியில் ஆர்.சி.ஏ. மரியனோடு சமரசம் செய்துகொண்டது, தொகை ஏறக்குறைய அதே 10 லட்சம் டாலர். அந்த அம்மாள் மற்ற கம்பெனிகளை விடவில்லை. மோட்டரோலாவுக்கு எதிரான கடைசி வழக்கையும் 1967இல் ஜெயித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

டெலிவிஷனிலும் கிட்டத்தட்ட இதே நாடகம், ஆனால் முடிவு கொஞ்சம் வேறு. ரஷ்யாவிலிருந்து குடியேறிய விளாதிமிர் ஸ்வோரிகின், 1929இல், ஒரு லட்சம் டாலர் கொடுத்தால் மின்னணு டெலிவிஷன் தயார் என்று சார்னாஃபிடம் சொன்னார். கடைசியில் செலவானது 5 கோடி என்று சார்னாஃபே சிரித்துச் சொல்வாராம். அதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற இளைஞர் 1927 செப்டம்பரிலேயே ஒரு கோட்டை மின்னணு முறையில் அனுப்பிக் காட்டிவிட்டார். பதினான்கு வயதில் ஐடஹோ மாநிலத்தில் வயல் உழுதபோது, சால் சாலாக உழுவதுபோலப் படத்தையும் வரி வரியாக அனுப்பலாமே என்று தோன்றியதாம். ஏர் பிடித்த கைக்குத்தான் அது தோன்றும். ஸ்வோரிகின் 1930இல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அடுத்த வருஷம் சார்னாஃபே போனார், ஒரு லட்சம் டாலருக்குக் கேட்டார், பையன் கொடுக்கவில்லை. வழக்கில் ஃபார்ன்ஸ்வொர்த்தின் பள்ளி வாத்தியார், தன் மாணவன் அந்தக் காலத்திலேயே வரைந்து காட்டிய படத்தைச் சாட்சியாகத் தந்தார். ஃபார்ன்ஸ்வொர்த் பக்கம் தீர்ப்பு. ராயல்டி வாங்கியே பழகிய ஆர்.சி.ஏ. 1939இல் முதல் முறையாக ராயல்டி கொடுக்கக் கையெழுத்துப் போட்டது, பத்து வருஷத்தில் 10 லட்சம் டாலர். மறுபடியும் அதே தொகை, ராசியான எண் போல.

அதே வருஷம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் டிவியைக் காட்சிக்கு வைத்தார்கள். டி.ஆர்.கே.-12 என்ற அந்த செட்டில் 12 அங்குலப் படக்குழாய் நட்டக்குத்தலாக நிற்கும், நீளம் அதிகம் என்பதால். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கண்ணாடி, படம் அதில் பிரதிபலிக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். விலை 600 டாலர். உள்ளே சினிமா புரொஜெக்டரை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் சந்தேகப்படுவார்கள் என்பதற்காக ஒரு செட்டின் பெட்டியை மட்டும் முழுக்க ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் செய்து வைத்தார்கள்.

உலகப் போரை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். சார்னாஃப் ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் பட்டம் வாங்கினார், அதன் பிறகு ஆபீசில் அவரை எல்லாரும் ஜெனரல் என்றுதான் கூப்பிட வேண்டும். பிரின்ஸ்டனில் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வந்தது. 1949இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் எல்.பி.க்குப் போட்டியாக 45 ஆர்.பி.எம். இசைத்தட்டு. இதெல்லாம் தனித்தனியாக எழுதலாம்.

இப்போது என் பச்சைத் துளைக்கு வருகிறேன். வண்ணத் தொலைக்காட்சியில் முதலில் ஜெயித்தது என்.பி.சி.யின் போட்டி ஒளிபரப்புக் கம்பெனியான சி.பி.எஸ். கேமரா முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி பதித்த ஒரு தட்டு சுழலும், வீட்டு டிவி முன்னாலும் அதே மாதிரி ஒரு தட்டு அதே வேகத்தில் சுழலும். வண்ணம் அருமையாக இருந்தது, 1950இல் அரசாங்க அங்கீகாரமும் கிடைத்தது. ஒரே ஒரு கோளாறு, ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளை செட்டுகளில் அந்த ஒளிபரப்பு தெரியவே தெரியாது. ஆர்.சி.ஏ.வின் சோதனையோ அப்போது சிரிப்பாய்ச் சிரித்தது, குரங்கு பச்சையாகவும் வாழைப்பழம் நீலமாகவும் தெரிந்ததாம். உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள். ஆனால் கொரியப் போரைக் காரணம் காட்டி வண்ண செட் உற்பத்தியை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியில் சார்னாஃப் பொறியாளர்களைத் தூங்க விடவில்லை.

அவர்கள் கண்ட வழி இதுதான். படத்தின் வெளிச்சம் எவ்வளவு என்பதைப் பழைய கறுப்பு வெள்ளை சிக்னலாகவே அனுப்பு. என்ன வண்ணம் என்பதை 3.58 மெகாஹெர்ட்ஸில் ஒரு துணை அலையில் ஏற்றி, வெளிச்ச சிக்னலின் இடுக்குகளுக்குள்ளேயே சொருகிவிடு. பழைய செட் அந்தத் துணை அலையைக் கண்டுகொள்ளாது, கறுப்பு வெள்ளையில் காட்டும். புது செட் பிரித்தெடுத்து வண்ணமாகக் காட்டும். திரைக்குள் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள், அவற்றுக்கு முன்னால் லட்சக்கணக்கான ஓட்டைகள் போட்ட மெல்லிய உலோகத் தகடு, ஒவ்வொரு துப்பாக்கியும் தன் நிறப் புள்ளியை மட்டும் சுடும்படி. 1953 டிசம்பரில் இந்த முறையே அமெரிக்காவின் தரமானது. ஐரோப்பாவில் டெலிஃபுங்கன் கம்பெனியின் வால்டர் புரூக், இதில் நிறம் திரிகிற குறையைத் திருத்தி பி.ஏ.எல். செய்தார், நம் வீட்டு டிவிகளுக்கு வந்தது அது. அடிப்படை அதேதான்.

டிவியில் அந்தப் பச்சைத் துளை வெளிச்ச சிக்னலுக்கு மட்டும் உரியது. மஞ்சள் முனையில் வெளிச்சமும் வண்ணமும் கலந்து வருகின்றன. தப்பாகச் செருகியபோது என் டிவி, 1950களின் பழைய செட் நடந்துகொண்டது போலவே நடந்துகொண்டு வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இதைப் புரிந்துகொண்ட பிறகு மறுபடி வேண்டுமென்றே தப்பாகச் செருகிப் பார்த்தேன். படத்தின் ஓரங்களில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் ஊர்ந்தன. அதுதான் பிரிக்கப்படாத வண்ணம்.

1954இல் வந்த ஆர்.சி.ஏ.வின் முதல் வண்ண செட் சி.டி.-100, விலை 1000 டாலர், வாங்க ஆளில்லை. பல வருஷம் நஷ்டம், 10 கோடி டாலருக்கு மேல் கொட்டியும் சார்னாஃப் கையை எடுக்கவில்லை. 1960களில் வண்ணம் பிடித்துக்கொண்டபோது பணம் கொட்டியது. அந்த ஆளின் நல்ல பக்கம் இந்தப் பிடிவாதம், கெட்ட பக்கமும் இதேதான் என்று ஆம்ஸ்ட்ராங் வீட்டில் சொல்வார்கள்.

ஆனால் வேர் அரிக்கத் தொடங்கியதும் அப்போதுதான் என்பது என் எண்ணம். 1958இல் இன்னொரு ஏகபோக வழக்கு. அதன் சமரசப்படி உள்நாட்டுக் கம்பெனிகளிடம் வண்ண டிவிக் காப்புரிமைக்கு ராயல்டி வாங்க வழியில்லாமல் போயிற்று. சுங்கச்சாவடிக்காரர் என்ன செய்வார்? வேறு ஆற்றுக்குப் போனார். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு, முக்கியமாக ஜப்பானுக்கு, உரிமமும் தொழில்நுட்பமும் தாராளமாக விற்கத் தொடங்கினார்கள். வருஷா வருஷம் ராயல்டி உட்கார்ந்த இடத்தில் வந்தது. வாங்கியவர்கள் கற்றுக்கொண்டு, நன்றாகவும் மலிவாகவும் செய்து, அமெரிக்காவுக்கே கொண்டுவந்து விற்றார்கள்.

எனக்கு ரொம்ப வலிப்பது எல்.சி.டி. பிரின்ஸ்டன் கூடத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் 1964இல் திரவப் படிகத்தின் மேல் மின்சாரம் பாய்ச்சி அதை ஒளிபுகாமல் ஆக்கிக் காட்டினார், 1968இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்கள், சுவரில் மாட்டும் டிவி வரப்போகிறது என்றெல்லாம் பேச்சு. படக்குழாய் செய்து கொழுத்த கம்பெனிக்கு படக்குழாயைக் கொல்லும் பொருளில் என்ன ஆர்வம் இருக்கும்? ஹைல்மையர் வெறுத்துப் போய் 1970இல் கிளம்பிவிட்டார். இந்த ஆராய்ச்சியை ஜப்பானில் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் பார்த்த ஷார்ப் கம்பெனிப் பொறியாளர் ஒருவர் பிடித்துக்கொள்ள, 1973இல் ஷார்ப் எல்.சி.டி. கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மகன் ராபர்ட் சார்னாஃப் காலத்தில் வாடகைக் கார், புத்தகப் பதிப்பு, உறைய வைத்த கோழிக்கறி, தரைவிரிப்பு என்று கண்டதையும் வாங்கினார்கள். ஆர்.சி.ஏ. என்றால் ரக்ஸ், சிக்கன்ஸ், ஆட்டோமொபைல்ஸ் என்று கேலி செய்தார்கள். ஐ.பி.எம்.மோடு மோதக் கம்ப்யூட்டர் செய்தார்கள், 1971இல் 49 கோடி டாலரை எழுதித் தள்ளிவிட்டு ஓடிவந்தார்கள். கிழவர் சார்னாஃப் அந்த டிசம்பரில் இறந்தார். ஃபார்ன்ஸ்வொர்த்தும் அதே வருஷம் மார்ச்சில்தான். 1975இல் ராபர்ட்டை வெளியே அனுப்பிவிட்டு ஆன்டனி கொன்ராட் என்பவரை உட்கார வைத்தார்கள், அவர் ஐந்து வருஷமாக வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்று தெரிந்து அடுத்த வருஷமே அவரும் போனார். இதை நான் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

கடைசி அடி வீடியோ டிஸ்க். 1964இல் தொடங்கிய ஆராய்ச்சி. கிராமபோன் தட்டு மாதிரியே பள்ளம் போட்ட தட்டில் படத்தைப் பதிவது, வைர ஊசி அதில் ஓடும், ஊசியில் பூசிய உலோகத்துக்கும் கார்பன் கலந்த தட்டுக்கும் நடுவே மாறும் கெபாசிட்டன்ஸை, அதாவது மின்தேக்கத்தை, வைத்துப் படத்தைப் படிப்பது. நிமிஷத்துக்கு 450 சுற்று, ஒரு சுற்றுக்கு நாலு ஃபிரேம், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். தூசி பட்டாலே தொல்லை என்பதால் தட்டைக் கையால் தொடவே முடியாது, உறையோடு உள்ளே விட்டு உறையை மட்டும் உருவ வேண்டும். பொறியியலாகப் பார்த்தால் அற்புதம், எனக்கு அதன் படத்தைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும். ஆனால் செலெக்டாவிஷன் என்று அது கடைக்கு வந்தது 1981 மார்ச்சில், விலை 500 டாலர், பதிவு செய்ய முடியாது. அதற்கு நாலு வருஷம் முன்பே, 1977இல், ஜப்பானின் மட்சுஷிடா செய்துகொடுத்த வி.எச்.எஸ். ரெகார்டரை ஆர்.சி.ஏ.வே தன் பெயர் ஒட்டி விற்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முழுதும் ஒரே டேப்பில் அடங்க நாலு மணி நேரம் ஓட வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் இவர்கள்தான். அந்த ரெகார்டருக்கும் பெயர் செலெக்டாவிஷன்! தன் வலது கையால் விற்றதைத் தன் இடது கையால் தோற்கடித்தார்கள். 1984 ஏப்ரலில் கடையை மூடியபோது நஷ்டம் 58 கோடி டாலர்.

அடுத்த வருஷம் டிசம்பரில் வாங்க வந்தது யார் தெரியுமா? ஜெனரல் எலெக்ட்ரிக். 1919இல் பெற்று, 1932இல் நீதிமன்ற உத்தரவால் பிரிந்து போன அதே கம்பெனி. விலை 628 கோடி டாலர், 1986இல் கைமாறியது. அப்புறம் கூறு போட்டு விற்றார்கள். இசைத்தட்டு ஜெர்மனியின் பெர்டல்ஸ்மனுக்கு, டிவி வியாபாரம் பிரான்சின் தாம்சனுக்கு, 4000 வரிசை ஐ.சி. செய்த பிரிவு ஹாரிஸ் கம்பெனிக்கு, பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக்கூடம் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்துக்கு, அதுவும் இனாமாக. என்.பி.சி.யை வைத்துக்கொண்டார்கள். நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர் உச்சியில் இருந்த ஆர்.சி.ஏ. எழுத்துகளை 1988இல் இறக்கிவிட்டு ஜி.இ. என்று மாட்டினார்கள்.

கலிலியோ விண்கலம் 1989இல் வியாழனுக்குக் கிளம்பியபோது அதன் கம்ப்யூட்டரில் இருந்தவை ஆர்.சி.ஏ.வின் 1802 பிராசசர்கள். கம்பெனி செத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு புறப்பட்டு, 2003 வரை வேலை செய்தன. கேம்டனில் நிப்பர் நாயைக் கண்ணாடியில் பதித்த கோபுரம் இன்னும் நிற்கிறது, அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாக்கிவிட்டார்கள். ஆர்.சி.ஏ. என்ற பெயர் மட்டும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஸ்டிக்கர் ஒட்டிய மைக்ரோவேவைக் கூட நான் பார்த்திருக்கிறேன்.

கேசட்டில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நாற்பது நிமிஷம் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கிறேன், கடைசி ரெண்டு நிமிஷம்தான் படம். ஒலி மட்டும் முழுக்க நன்றாக இருக்கிறது.